மீனில் ஆண் எது, பெண் எது? உடலைப் பார்த்தே பிரிப்பது எப்படி: தருமபுரி, கிருஷ்ணகிரி மீன் வளர்ப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கே.ஆர்.பி. அணை, பாரூர் ஏரி, நாகாவதி, தொப்பையாறு, வாணியாறு என்று இரண்டு மாவட்டங்களிலும் மீன் விடுகிற நீர்நிலைகள் நிறைய. இப்போது பண்ணைக்குட்டை வெட்டியவர்களும் ஜிலேபியும் கெண்டையும் விடுகிறார்கள். ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி டவுனில் வீட்டு மாடியில் தொட்டி வைத்துக் கப்பியும் பைட்டரும் குஞ்சு எடுப்பவர்கள் இன்னொரு பக்கம். இருவருக்கும் ஒரே சந்தேகம்தான் வருகிறது: கையில் இருக்கும் மீன் ஆணா, பெண்ணா? அறுக்காமல், வெளியே தெரிவதை மட்டும் வைத்து எவ்வளவு தூரம் சொல்ல முடியும் என்பதற்கான பதில்கள் இங்கே.

சாப்பாட்டுக்குத்தான் வளர்க்கிறேன். எனக்கு ஆண், பெண் தெரிந்து என்ன ஆகப் போகிறது?

என்ன மீன் விட்டிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் ஓட்டமில்லாத குட்டையில் தானாக முட்டையிடாது. மழை வெள்ளம் பாயும் ஆறு வேண்டும், இல்லையென்றால் ஹார்மோன் ஊசி போட வேண்டும். இந்த மூன்றை மட்டும் விட்டு, ஒரு கிலோ ஆனதும் பிடித்து விற்பவருக்குப் பிரிக்கும் வேலை தேவையே இல்லை.

ஜிலேபியும் சாதா கெண்டையும் அப்படியல்ல. இரண்டும் குட்டையிலேயே குஞ்சு பொரிக்கும். ஜிலேபி மூன்று, நான்கு மாதத்திலேயே, கையளவுகூட ஆகாமல் முட்டையிடத் தொடங்கிவிடும். பிறகு நீங்கள் போடும் தீவனம் விடாத குஞ்சுகளுக்கும் போகும், அறுவடையில் கிடைப்பதெல்லாம் விலை போகாத பொடி மீன். அங்கே பெண்ணை அடையாளம் காணத் தெரிவது நேரடியாகப் பணம்.

குஞ்சுப் பொரிப்பகம் வைத்திருப்பவருக்கு இது தெரியாமல் வேலையே நடக்காது. 1957-ல் ஹீராலால் சௌத்ரி ஒடிசாவில் பிட்யூட்டரி (மீனின் மூளையடிச் சுரப்பி) சாறு செலுத்தி நம் கெண்டைகளை முட்டையிட வைத்ததிலிருந்து இன்றுவரை ஆணுக்கு ஓர் அளவு, பெண்ணுக்கு ஓர் அளவு என்றுதான் ஊசி போடப்படுகிறது. இப்போது கடையில் கிடைக்கும் ஹார்மோன் ஊசி மருந்தான ஓவாப்ரிம் என்றால் பொதுவாகப் பெண்ணுக்குக் கிலோ எடைக்கு 0.3 முதல் 0.5 மி.லி., ஆணுக்கு 0.1 முதல் 0.2 மி.லி. மாற்றிப் போட்டால் மருந்தும் வீண், அந்த வருடத்துச் சினையும் வீண்.

முதலில் எங்கே பார்க்க வேண்டும்?

பின்துளையை. வயிற்றின் அடியில், வால் பக்கமாக, குதத் துடுப்புக்குச் சற்று முன்னால் இருக்கும். அநேகமாக எல்லா மீனிலும் முதல் சாட்சி அதுதான். மார்புத் துடுப்பின் சொரசொரப்பு இரண்டாவது. வயிற்றின் உப்பல், நிறம், உடல் அளவு எல்லாம் அதற்குப் பிறகு. இரண்டு அடையாளமாவது ஒரே பக்கம் பேசினால்தான் முடிவு சொல்லுங்கள். ஒன்று ஆண் என்றும் மற்றொன்று பெண் என்றும் காட்டினால் அந்த மீனைத் தனியே விட்டு, இரண்டு வாரம் கழித்துத் திரும்பப் பாருங்கள். அவசரப்பட்டுத் தரம் பிரித்த தொட்டியில்தான் எப்போதும் குழப்பம் வரும்.

மீனைப் பிடித்துப் பார்க்கும் முறை என்ன? பார்த்த பிறகு மீன் செத்துப்போகிறதே?

அநேகமாகக் கை சூடும் காய்ந்த துணியும்தான் காரணம். மீனின் மேலிருக்கும் வழுவழுப்பு அதன் தோலுக்குக் காவல். அது உரிந்தால் மூன்றாம் நாள் பூஞ்சை பிடிக்கும்.

பிடித்துப் பார்ப்பதற்கு முந்தைய நாள் தீவனம் போடாதீர்கள். வயிறு காலியாக இருந்தால் மீன் களைக்காது, உப்பலைப் பார்த்து ஏமாறவும் மாட்டீர்கள். விடியற்காலையில், வெயில் ஏறுவதற்குள் வேலையை முடியுங்கள். இழுவலையில் வந்த மீன்களை அதே குட்டைத் தண்ணீரில் கட்டிய ஹாப்பாவில் (வலைத் தொட்டியில்) அரை மணி நேரம் விட்டு அமைதியாக்குங்கள். கையை நனைத்துக்கொண்டு, நனைத்த பருத்தித் துணியால் தலையையும் கண்ணையும் மூடிப் பிடியுங்கள். கண்ணுக்கு இருட்டு வந்தால் மீன் துள்ளாது. நனைத்த ஸ்பாஞ்சின் மேல் வயிறு மேலே இருக்கும்படி கிடத்துங்கள். வாலைப் பிடித்துத் தொங்கவிடக் கூடாது. சினை மீனாக இருந்தால் அந்த எடையிலேயே உள்ளே கிழிசல் வரும். ஒரு மீனுக்கு அரை நிமிடம் போதும்.

பார்த்து முடித்ததும் 10 லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் கல் உப்பு கரைத்து, அதில் 2 நிமிடம் முக்கிவிட்டுக் குட்டையில் விடுங்கள். மீன் மல்லாந்தால் நேரம் பார்க்காமல் உடனே எடுத்துவிடுங்கள்.

ரோகு, மிர்கால், கட்லாவில் ஆண் எப்படித் தெரியும்?

மார்புத் துடுப்பை விசிறி போல விரித்துப் பிடியுங்கள். அதன் மேற்பக்கத்தை, அடியிலிருந்து நுனி வரையும் பிறகு நுனியிலிருந்து அடிவரையும் கட்டைவிரலால் மெதுவாகத் தடவுங்கள். ஆணாக இருந்தால் மணல் தாளைத் தொட்டதுபோல் சொரசொரக்கும். பெண்ணில் வழவழப்பாக நழுவும். இரண்டு பக்கத் துடுப்பையும் தடவுங்கள். ஒரு பக்கம் அடிபட்டுத் தேய்ந்திருக்கலாம்.

அடுத்து பின்துளை. ஆணில் அது சிறியதாக, நீளவாட்டில், உள்ளே சற்றுக் குழிந்து, வெளிறிய நிறத்தில் இருக்கும். பருவத்தில் இருக்கும் பெண்ணில் வட்டமாக, தடித்து, வெளியே துருத்தி, இளஞ்சிவப்பாக இருக்கும். வயிறும் தொட்டால் மெத்தென்று அமுங்கும்.

மூன்றாவது, ஆணுக்கு மட்டும். வயிற்றின் பின்பாதியிலிருந்து பின்துளை நோக்கி இரண்டு விரலால் லேசாக வருடினால் பால் போன்ற விந்து சொட்டும். இதைப் பெண்ணிடம் செய்து பார்க்காதீர்கள். முதிராத சினையை அழுத்தினால் முட்டைப்பை உள்ளேயே உடையும், மீன் பிழைத்தாலும் அந்த வருடம் முட்டை தராது. துடுப்பு வழவழப்பாக இருக்கும் மீனை அழுத்த வேண்டிய தேவையே இல்லை.

எங்கள் கட்லாவில் எல்லாமே வழவழப்பாக இருக்கிறது. எல்லாம் பெண்ணா?

அப்படி இருக்க வாய்ப்பு குறைவு. வயதையும் மாதத்தையும் பாருங்கள். மிர்கால் இரண்டாம் வருடத்துக்குள் பருவத்துக்கு வரும். ரோகுவுக்கு இரண்டு வருடம் நிறைய வேண்டும். கட்லா பெரும்பாலும் மூன்றாம் வருடத்தில்தான். அதற்கு முன் ஆணின் துடுப்பும் வழவழப்பாகவே இருக்கும்.

அடுத்தது மாதம். இந்தக் கெண்டைகளின் பருவம் ஜூன் முதல் செப்டம்பர் வரை. பங்குனி, சித்திரையில் துடுப்பில் சொரசொரப்பு ஏறத் தொடங்கும், ஆனி, ஆடியில் உச்சத்தில் இருக்கும், மழைக்காலம் முடிந்ததும் மங்கிவிடும். மார்கழியில் கட்லாவைப் பிடித்துப் பார்த்து ஒன்றும் தெரியவில்லை என்றால் அது இயல்பு. ஓசூர், தேன்கனிக்கோட்டை மேட்டுப் பகுதியில் குளிர் கூடுதல். அங்கே தண்ணீர் சூடேறத் தாமதமாவதால் அடையாளமும் சற்றுத் தாமதமாகவே வரும். அரூர், ஊத்தங்கரைப் பக்கத்துக் குட்டையோடு ஒப்பிட்டுக் கவலைப்படத் தேவையில்லை.

கட்லாவில் இன்னொரு சிக்கல் உண்டு. மற்ற இரண்டைவிட அதன் சொரசொரப்பு லேசானது. காய்ப்பு ஏறிய கைக்குத் தெரியாமல் போகலாம். கட்டைவிரலின் பக்கவாட்டில், தோல் மெல்லியதாக இருக்கும் இடத்தால் தடவிப் பாருங்கள்.

வெள்ளிக்கெண்டை, புல்கெண்டை, சாதா கெண்டைக்கும் இதே அடையாளமா?

ஏறக்குறைய. இவற்றில் எளிதானது வெள்ளிக்கெண்டை. ஆணின் மார்புத் துடுப்பின் முன்கதிர்களில் சீப்புப் பற்கள் போன்ற நுண்ணிய எலும்பு முட்கள் வரிசையாக இருக்கும். விரலை வேகமாக இழுத்தால் கீறிவிடும். பெண்ணில் நுனியருகே கொஞ்சம் இருக்கலாம், அடிப்பகுதி வழவழப்புதான். பருவம் முடிந்தாலும் இந்த முட்கள் போகாது. அதனால் வருடம் முழுக்க நம்பலாம்.

புல்கெண்டை ஆணுக்குப் பருவத்தில் மார்புத் துடுப்பின் மேற்பக்கம் சொரசொரக்கும், தலையிலும் பொடிப்பொடியாக முத்துகள் எழும். பருவம் கடந்தால் உதிர்ந்துவிடும்.

சாதா கெண்டையில் துடுப்பை நம்பி உட்கார வேண்டாம். ஆறு முதல் எட்டு மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். சினையுள்ள பெண்ணின் வயிறு தளர்ந்து தொங்கும், பின்துளை தடித்து வெளியே வரும். ஆண் ஒல்லியாக இருக்கும், லேசாகத் தொட்டாலே பால் சொட்டும். தை முதல் சித்திரை வரையிலும், மறுபடி ஆடி, ஆவணியிலும் நன்றாகத் தெரியும். இந்த மாதங்களில் குட்டையோரத்தில் ஆகாயத்தாமரையோ வேலம்பாசியோ மிதந்தால் அதில் முட்டையை ஒட்டிவிடும். குஞ்சு வேண்டாம் என்பவர்கள் பாசியை வாரி எடுத்துவிட வேண்டும்.

வயிறு பெருத்திருந்தால் பெண்தானே?

இந்த ஒரு நம்பிக்கையால்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். தவிட்டையும் புண்ணாக்கையும் அள்ளிப் போடும் குட்டையில் ஆணுக்கும் கொழுப்பு வைத்து வயிறு பெருக்கும். கொழுப்பு வயிறு தொட்டால் கெட்டியாக, முன்பக்கம் அதிகமாக உப்பியிருக்கும். சினை வயிறு மெத்தென்று, பின்துளை வரைக்கும் ஒரே சீராக உப்பியிருக்கும். மீனை மல்லாத்தினால் சினை இரண்டு பக்கமும் சரிந்து, நடுவில் லேசான பள்ளம் விழும்.

நீர்க்கோவை நோயிலும் வயிறு ஊதும். அப்போது செதில்கள் நிமிர்ந்து நிற்கும், கண் பிதுங்கும், மீன் கரையோரம் ஒதுங்கும். சினை என்று நினைத்து அதைத் தாய்மீன் (குஞ்சு எடுக்க வைத்திருக்கும் ஆண், பெண் மீன்) தொட்டியில் விட்டால் மற்ற மீனும் கெடும். வயிற்றில் புழு இருந்தாலும் உப்பல் வரும், ஆனால் முதுகு மெலிந்து எலும்பு தெரியும். சினை மீனின் முதுகு சதைப்பிடிப்போடு இருக்கும்.

ஜிலேபியில் ஆண், பெண் பிரிப்பது எப்படி? எத்தனை கிராமில் பிரிக்கலாம்?

20 முதல் 30 கிராமில் பழகிய கண்ணுக்குத் தெரியும். புதிதாகக் கற்பவர் 50 கிராமுக்கு மேல் போகட்டும் என்று காத்திருப்பது நல்லது. காலதாமதமும் செய்யாதீர்கள். 100 கிராம் ஆவதற்குள் சில பெண்கள் வாயில் முட்டை வைத்துவிடும்.

மீனை மல்லாத்தி, பின்துளைப் பகுதியை ஈரத் துணியால் துடையுங்கள். அங்கே இரண்டு இடம் தெரியும். தலைப்பக்கம் இருப்பது மலத்துளை. வால் பக்கம் இருப்பது சிறு சதைக் காம்பு. கவனம் முழுக்க அந்தக் காம்பின் மேல் இருக்கட்டும்.

ஆணில் காம்பு நீண்டு, நுனி கூராக இருக்கும். நுனியில் ஒரே ஒரு துளை. சிறுநீரும் விந்தும் அதன் வழியே போகும். ஆக, மலத்துளையோடு சேர்த்து மொத்தம் இரண்டு துளை.

பெண்ணில் காம்பு குட்டையாக, அகன்று, நுனி மழுங்கியிருக்கும். நுனியில் சிறுநீர்த் துளை. காம்பின் நடுவில் குறுக்காக, பிறை வடிவில் ஒரு கீற்று இருக்கும். முட்டை வெளியே வருவது அதன் வழியே. ஆக, மொத்தம் மூன்று துளை.

சிறு மீனில் அந்தக் கீற்று வெறும் கண்ணுக்குத் தெரியாது. மருந்துக் கடையில் வாய்ப்புண்ணுக்குத் தரும் ஊதா நிற ஜென்ஷன் வயலெட்டைப் பஞ்சுக் குச்சியில் தொட்டுக் காம்பின் மேல் ஒரு முறை தடவி, உடனே தண்ணீரால் கழுவுங்கள். கீற்றுக்குள் மை தங்கிவிடும். குறுக்கே ஒரு கோடு தெரிந்தால் பெண். நுனியில் புள்ளி மட்டும் தெரிந்தால் ஆண். நீல எழுத்து மையும் போதும். கூடவே ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் நல்லது. வெயில் கண்ணில் அடிக்கும் இடத்தில் உட்காராமல், நிழலில் டார்ச் அடித்துப் பாருங்கள்.

தவறுவது எங்கே? நூறு, இருநூறு மீன் பார்த்த பிறகு கண் களைக்கும், அப்போது சந்தேக மீனையெல்லாம் ஆண் பக்கம் தள்ளிவிடுவோம். ஆண் மட்டும் வேண்டும் என்று வளர்ப்பவருக்கு அதுதான் நஷ்டம். ஆண் குட்டைக்குள் தப்பி விழுந்த ஒரு பெண் ஒரு தடவைக்குச் சில நூறு குஞ்சு போடும், நாலைந்து வாரத்தில் மறுபடியும் போடும். அதனால் சந்தேகம் வந்தால் பெண் பக்கம் தள்ளுங்கள். மணிக்கு ஒரு முறை எழுந்து கண்ணுக்கு ஓய்வு கொடுங்கள். பழகியவர் கையிலும் நூற்றுக்கு ஐந்தாறு தப்பும். அதற்காகவே பிரித்த குட்டையில் கொஞ்சம் விரால் விடுவார்கள், பொடிக் குஞ்சை அது தின்றுவிடும். விரால் உங்கள் ஜிலேபியைவிடச் சிறியதாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

நிறத்தை வைத்து ஜிலேபியைப் பிரிக்க முடியாதா?

உதவும், உறுதி செய்யாது. 1952-ல் இந்தியாவுக்கு வந்த பழைய மொசாம்பிக் ஜிலேபி நம் ஏரிகளில் நிறைய உண்டு. அதன் ஆண் பருவத்தில் உடல் முழுக்கக் கறுத்து, தொண்டை வெளுத்து, துடுப்பு ஓரம் சிவந்திருக்கும். வாயும் பெரிதாகும். வளர்ப்புக்காக மேம்படுத்திய கிஃப்ட் ஜிலேபி ரக ஆணில் தொண்டையும் துடுப்பும் லேசாகச் சிவக்கும், அந்த அளவுக்குக் கறுக்காது. பயந்த மீன், வலையில் அடிபட்ட மீன், கலங்கல் தண்ணீரில் வளர்ந்த மீன் எல்லாம் நிறம் மாறும். மற்ற ஆணிடம் தோற்ற ஆணும் பெண்போல வெளிறி ஒதுங்கி நிற்கும்.

நிறத்தைவிட ஒன்றை நம்பலாம். கீழ்த்தாடை பை போல இறங்கி, தீவனத்தைத் தொடாமல், வாயை இறுக்கி மூடி நிற்கும் மீன் பெண்தான். வாயில் முட்டையோ குஞ்சோ இருக்கிறது. ஜிலேபியில் அடைகாப்பது தாய் மட்டுமே.

கடையில் ஆண் குஞ்சு மட்டும் என்று விற்பது வேறு வழி. பொரித்த குஞ்சுக்கு மூன்று, நான்கு வாரம் ஹார்மோன் கலந்த தீவனம் கொடுத்து ஆணாக வளரச் செய்கிறார்கள். அது அனுமதி பெற்ற பொரிப்பகத்தின் வேலை, குட்டையில் செய்து பார்க்கக் கூடாது. அப்படி வாங்கிய குஞ்சிலும் 50 கிராமில் ஒரு முப்பது மீனை எடுத்துக் காம்பைச் சோதியுங்கள்.

கண்ணைப் பழக்க நல்ல வழி உண்டா?

உண்டு, செலவும் இல்லை. கே.ஆர்.பி. அணைக்கரையிலும் ஒகேனக்கல்லிலும் மீன் வெட்டும் இடத்தில் ஒரு காலை நேரம் நில்லுங்கள். வெட்டுபவரிடம் சொல்லிவிட்டு, ஒவ்வொரு மீனையும் அறுப்பதற்கு முன் பின்துளையையும் துடுப்பையும் பார்த்து, ஆணா பெண்ணா என்று தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வயிற்றைத் திறந்ததும் விடை தெரியும். மஞ்சளாகவோ பழுப்பாகவோ மணிமணியாக இருந்தால் முட்டைப்பை. வெள்ளையாக, வழவழவென்று இரண்டு பட்டையாக இருந்தால் விந்துப்பை. மஞ்சள் கலந்த வெண்மையில், விரலில் எண்ணெய் ஒட்டினால் அது கொழுப்பு, இரண்டிலும் சேராது. ஐம்பது ஜிலேபி இப்படிப் பார்த்தவர் உயிர் மீனில் தடுமாறுவது குறைவு. எத்தனை பேர் சொல்லிக் கொடுத்தாலும் இந்தப் பயிற்சிக்கு ஈடாகாது.

விராலில் ஜோடி சேர்க்க வேண்டும். எப்படிப் பிரிப்பது?

பருவம் இல்லாத நாளில் வெளியே பார்த்து விராலைப் பிரிப்பது நடக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மழை தொடங்கும் காலத்தில் பெண்ணின் வயிறு இரு பக்கமும் உப்பும், பின்துளை வட்டமாகச் சிவந்து தடிக்கும். ஆண் ஒல்லியாக, பின்துளை வெளிறி, நீளவாட்டில் கூராகத் தெரியும். கெண்டைபோல் ஆணை வருடினால் பால் சொட்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். விராலில் அது அநேகமாக வராது. வரவில்லை என்பதால் பெண் என்று முடிவு செய்துவிடக் கூடாது.

குட்டையில் தானாக ஜோடி சேர்ந்த விராலைக் கண்டுபிடிப்பது எளிது. செந்நிறக் குஞ்சுக் கூட்டம் மேலே நுரைபோல் கொப்பளிக்கும், அடியில் பெற்ற மீன் காவல் நிற்கும். அந்த நேரத்தில் தூண்டில் போட்டுப் பெற்ற மீனைப் பிடித்தால் குஞ்சு முழுவதும் மற்ற மீனுக்கு இரையாகும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

கெளுத்தி, தேளி?

இவற்றில் காம்பைப் பார்த்தால் போதும். ஆணுக்கு நீண்டு கூரான காம்பு, பெண்ணுக்கு வட்டமான, பொத்தான்போல் தட்டையான பகுதி, நடுவில் கீற்று. நாட்டுக் கெளுத்தியில் வருடம் முழுக்கவும் ஓரளவு தெரியும். தேளியைத் தூக்கும்போது மார்பு முள் குத்தினால் நஞ்சேறிக் கடுமையாக வலிக்கும். தடித்த ஈரத் துணியால் தலைக்குப் பின்னால் இரண்டு முள்ளையும் உடலோடு சேர்த்து அமுக்கிப் பிடியுங்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்ப்பதற்கு நாட்டில் 2000-ஆம் ஆண்டிலிருந்தே தடை உண்டு. அதில் ஜோடி சேர்க்கும் கேள்விக்கு இங்கே இடமில்லை.

கப்பி, மோலி, பிளாட்டியில் குஞ்சிலேயே பிரிக்கலாமா?

பிரிக்கலாம், பிரிக்கவும் வேண்டும். வாலையும் நிறத்தையும் பார்க்காதீர்கள், குதத் துடுப்பைப் பாருங்கள். பெண்ணில் அது முக்கோண விசிறி. ஆணில் அது மடிந்து, நீண்டு, குச்சிபோல் பின்னோக்கிப் படுத்திருக்கும். கப்பியில் மூன்று, நான்கு வாரத்தில் இந்த மாற்றம் தொடங்கும். கண்ணாடித் தொட்டியில் ஒவ்வொன்றாக விட்டு, பின்னால் வெள்ளைத் தாள் வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். பெண்ணில் குதத் துடுப்புக்கு மேலே வயிற்றில் கருமையான பொட்டு தெரியும். வெளிர் நிற ரகங்களில் அந்தப் பொட்டு ஆரஞ்சாகவோ மங்கலாகவோ இருக்கும்.

தள்ளிப்போட்டால் என்ன ஆகும்? ஒரு முறை ஆணோடு சேர்ந்த பெண் அந்த விந்தைச் சில மாதங்கள் உடலிலேயே வைத்திருந்து, ஆண் இல்லாமலே அடுத்தடுத்து குட்டி போடும். நல்ல ரகத்து ஆணைப் பிறகு சேர்த்தாலும் பழைய ஆணின் குட்டிகள் கலந்து வரும். ரகத்தைக் காக்க நினைப்பவர் நாலாம் வாரத்துக்குள் பிரித்தாக வேண்டும். வளர்ப்புத் தொட்டியில் ஓர் ஆணுக்கு இரண்டு, மூன்று பெண் என்று வையுங்கள். நம் பக்கத்துப் போர்வெல் தண்ணீர் பெரும்பாலும் கடினமானது, மோலிக்கும் கப்பிக்கும் அது நன்றாகவே ஒத்துப்போகும்.

கோல்டு பிஷ்ஷின் செவுளில் வெள்ளைப் புள்ளி வந்திருக்கிறது. மருந்து போடலாமா?

முதலில் புள்ளி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். செவுள் மூடியிலும் மார்புத் துடுப்பின் முன்கதிரிலும் மட்டும், வரிசையாக, உப்புக்கல் அளவில் இருந்தால் அது நோய் அல்ல, பருவத்துக்கு வந்த ஆண். கோய் கெண்டைக்கும் இதே அடையாளம் வரும். உடல், வால், துடுப்பு என்று எங்கும் சிதறி, மீன் கல்லில் உரசிக்கொண்டு, துடுப்பை மடக்கி நின்றால் அது வெள்ளைப்புள்ளி நோய். முதலாவதுக்கு மருந்து ஊற்றினால் நல்ல ஆணை வாட்டி எடுப்பதுதான் மிச்சம். ஓசூர்க் குளிர் முடிந்து தண்ணீர் சூடேறும் மாசி, பங்குனியில் இந்தக் கேள்வி அதிகம் வருவதற்கும் அப்போது ஆண்கள் பருவத்துக்கு வருவதே காரணம்.

புள்ளி இல்லை என்பதால் பெண் என்று ஆகாது. ஒரு வயது ஆகாத ஆணுக்கும், சில வயதான ஆணுக்கும் வராது. மேலிருந்து பார்த்தால் பெண்ணின் வயிறு ஒரு பக்கம் கூடுதலாக உப்பி, சமமில்லாமல் தெரியும். பின்துளை வெளியே மேடிட்டிருக்கும். ஆணில் அது தட்டையாகவோ குழிந்தோ இருக்கும். ஆண் துரத்தும், பெண் ஓடும் என்பதும் உண்மை, ஆனால் பெண்ணே இல்லாத தொட்டியில் ஆண் இன்னோர் ஆணையும் துரத்தும்.

பைட்டரில் நீளமான வால் இருந்தால் ஆண் என்று நம்பி வாங்கலாமா?

நீள வால் ரகத்தில் பெரும்பாலும் சரி. குட்டை வால் பிளக்காட் ரகத்தில் ஏமாறுவீர்கள். பெண்ணின் வயிற்றடியில், வயிற்றுத் துடுப்புகளுக்குச் சற்றுப் பின்னால், உப்புக்கல் போல ஒரு வெண்புள்ளி நீட்டிக்கொண்டிருக்கும். அது முட்டைக் குழாய். அடுத்து ஒரு சிறு கண்ணாடியைக் காட்டுங்கள். ஆண் செவுளை விரிக்கும்போது அடியில் தாடிபோல் ஒரு சவ்வு அகலமாக வெளியே வரும். பெண்ணும் செவுளை விரிக்கும், ஆனால் தாடி சிறியது. இரண்டு நிமிடத்துக்கு மேல் கண்ணாடியை வைக்காதீர்கள். இளம் ஆண்களுக்கும் சில நேரம் வெண்புள்ளி தெரியும் என்பதால் மூன்று மாதத்துக்குக் குறைந்த மீனில் இரண்டு சோதனையும் செய்யுங்கள்.

கொராமி, ஜீப்ரா, ஏஞ்சல்?

கொராமி ஆணின் முதுகுத் துடுப்பு நீண்டு கூராக, வால் அடிவரை எட்டும், பெண்ணுடையது குட்டையாக உருண்டிருக்கும். ஜீப்ரா ஆண் ஒல்லி, கோடுகளுக்கு நடுவே பொன்மஞ்சள் மினுக்கம். பெண் உருண்டை, வெள்ளி நிறம். ஏஞ்சலில் முட்டையிடும் நாள் நெருங்கும்வரை எதுவும் தெரியாது. அப்போது வெளியே வரும் குழாய் பெண்ணுக்குத் தடித்து மழுங்கியும், ஆணுக்கு மெலிந்து கூராகவும் இருக்கும். அதனால் ஏஞ்சல் வேண்டுபவர் ஆறு குஞ்சாக வாங்கி வளர்த்து, தானாக ஜோடி சேரவிடுவதே நல்லது. ஆஸ்கருக்கும் இதுவே பதில்.

எங்கள் ஸ்வார்டுடெயில் பெண்ணுக்கு ஒரு வருடம் கழித்து, ஆணுக்கு இருப்பதுபோல் வாலின் அடியில் வாள் முளைத்துவிட்டது. பெண் ஆணாக மாறுமா?

அநேகமாக அது தொடக்கத்திலிருந்தே ஆண்தான். இந்த மீனில் சில ஆண்கள் மெதுவாகப் பருவத்துக்கு வரும். அதுவரை பெரிதாக வளர்ந்து, பெண்போலவே இருக்கும். குட்டி போட்டதை நீங்கள் கண்ணால் பார்க்காத மீனைப் பெண் என்று எழுதி வைக்காதீர்கள். கடல் மீன்களில் உண்மையாகவே பால் மாறுபவை உண்டு. கிளவுன் மீன் எல்லாமே ஆணாகத் தொடங்கி, கூட்டத்தில் பெரியது பெண்ணாகும். நம் குட்டை மீன்களில் அந்தப் பழக்கம் இல்லை.

விரலளவு கெண்டைக் குஞ்சில் ஆண், பெண் பிரித்துத் தருகிறோம் என்று ஒருவர் விற்கிறார். வாங்கலாமா?

வேண்டாம். கட்லா, ரோகு, மிர்கால் விரலளவில் இருக்கும்போது வெளியே எந்த அடையாளமும் இல்லை. யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது. தாய்மீன் சேர்க்க நினைத்தால் ஐம்பது, அறுபது குஞ்சைக் கூடுதலாக வளர்த்து, அந்தந்த மீன் பருவத்துக்கு வரும் வருடத்தில் பிரித்துக்கொள்ளுங்கள். குஞ்சை அரசு மீன் பண்ணையிலோ பதிவு பெற்ற பொரிப்பகத்திலோ, ரகம் கேட்டு, ரசீதோடு வாங்குங்கள்.

பிரித்த தாய்மீனை எப்படி வைத்துக்கொள்வது? மறுபடி கலந்துவிட்டால்?

ஆணையும் பெண்ணையும் ஊசி போடும் நாளுக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே தனித்தனிக் குட்டையில் விடுங்கள். ஒரே குட்டைதான் என்றால் நடுவில் வலைத் தடுப்பு கட்டுங்கள். வலை அடித்தரையில் புதைந்திருக்க வேண்டும், மேலே ஒன்றரை அடி தண்ணீருக்கு வெளியே நிற்க வேண்டும். வெள்ளிக்கெண்டை துள்ளித் தாண்டும். எண்ணிக்கையில் ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண், எடையில் சரிக்குச் சரி என்று சேருங்கள்.

அடையாளத்துக்கு ஆணின் வலது வயிற்றுத் துடுப்பு நுனியையும், பெண்ணின் இடது வயிற்றுத் துடுப்பு நுனியையும் சுத்தமான கத்தரியால் துளி மட்டும் வெட்டலாம். மார்புத் துடுப்பை வெட்டாதீர்கள், அடுத்த வருடம் தடவிப் பார்க்க அது வேண்டும். வெட்டிய இடம் சில மாதத்தில் வளர்ந்து மூடிவிடும் என்பதால் ஒவ்வொரு வருடமும் பங்குனியில் திரும்பச் சோதித்து, புதிதாக வெட்ட வேண்டும். மீன் எண்ணிக்கை, எடை, எந்தத் துடுப்பு, எந்தத் தேதி என்று குட்டைக்கு ஒரு நோட்டு போட்டு எழுதுங்கள். ஊசி போடும் அன்று மாலை, மருந்தை எடுப்பதற்கு முன், ஒவ்வொரு மீனையும் இன்னொரு தடவை மல்லாத்திப் பாருங்கள்.